இழப்புக்குப் பிறகு கைக்கு ஒரு விருப்ப வேலை: வன்னி வாசகருக்கான முழுமையான வழிகாட்டி

வன்னியில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதல் 31 நாள்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். அயலார் சமைத்துக் கொண்டு வருவார்கள். எட்டுச் செலவுச் சடங்கு நடக்கும். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு உறவுகள் வந்து சேரும். கத்தோலிக்க வீடுகளில் செபமும் 31ஆம் நாள் பூசையும் இருக்கும். அதன் பிறகு வாடகைக் கதிரைகள் திரும்பிப் போகும். தூரத்திலிருந்து வந்தவர்கள் பயணம் சொல்லிவிட்டுப் புறப்படுவார்கள். 32ஆம் நாள் காலையில் எழும்புகிறவருக்கு வழி சொல்ல எந்தச் சடங்கும் இல்லை. இந்த வழிகாட்டி அந்தக் காலையிலிருந்து தொடங்குகிறது.

அந்த 31 நாள்கூடக் கிடைக்காதவர்கள் இங்கே ஏராளம். 2004 மார்கழி 26இல் கடலுக்கு ஆட்களைக் கொடுத்த முல்லைத்தீவுக் குடும்பங்கள், 2009இல் போரின் கடைசி மாதங்களில் பதுங்குகுழி ஓரத்தில் அவசரமாக மண்ணைத் தள்ளிவிட்டு ஓடியவர்கள் என்று அன்று அழ நேரம் கிடைக்காதவர்களுக்கு இன்று அழுகை வருகிறது. அவர்களுக்கும் இது பொருந்தும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பணத்துக்காகவோ கடமைக்காகவோ இல்லாமல், தனக்குப் பிடித்தது என்பதற்காக மட்டும் ஒரு சிறு வேலையைத் தொடர்ந்து செய்வது துயரைத் தாங்கப் பலம் தரும். அந்த வேலை உங்களுக்கு உரியது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தொடங்க முன்: இதனால் ஆவது எது, ஆகாதது எது

தோட்டமோ தையலோ பாட்டோ துயரை எடுத்துவிடாது. எடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். துயருக்கு ஐந்து கட்டங்கள் உண்டு, ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். அந்த ஐந்து கட்டங்களை மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ரோஸ் 1969இல் எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளுடன் பேசிப் பெற்ற அனுபவத்திலிருந்து. பிரிவைத் தாங்குகிறவர் அதை அளவுகோலாக வைத்து, ‘நான் இன்னும் இரண்டாவதிலேயே நிற்கிறேனே’ என்று தன்னை வதைத்துக்கொள்ளத் தேவையில்லை.

இங்கே நான் காண்பதோடு அதிகம் ஒத்துப்போவது, நெதர்லாந்தின் உளவியல் ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபவும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த விளக்கம். இழந்தவர் ஒரு நேரம் இழப்பை நேருக்கு நேர் பார்க்கிறார். இன்னொரு நேரம் அதை விட்டு விலகி அன்றாடத்தைக் கவனிக்கிறார். இரண்டுக்கும் இடையில் போய்வருவதுதான் ஆரோக்கியம். எப்போதும் அழுதுகொண்டிருப்பதும் எப்போதும் அழாமல் ஓடிக்கொண்டிருப்பதும் மனிதரை முறித்துவிடும். நம் கிழவிகளுக்கு இது பழக்கமான சங்கதி. ஒப்பாரி சொல்லி அழுத அதே ஆச்சி எழுந்து போய் ஆட்டுக்குக் குழை கட்டுவார். கட்டிவிட்டு வந்து மீண்டும் அழுவார். ஆட்டுக்குக் குழை கட்டிய அந்த இடைவெளியைத்தான் விருப்ப வேலையும் உங்களுக்குத் தருகிறது.

இன்னொன்று, மனம் வரட்டும், பிறகு செய்வோம் என்று காத்திருந்தால் மனம் வராது. உளச்சோர்வுக்கான சிகிச்சையில் 1970களிலிருந்து கையாளப்படும் ஒரு முறை இதைத் தலைகீழாக வைக்கிறது: முதலில் சின்னதாக ஒன்றைச் செய், மனம் பின்னால் வரும்.

முதலாம் படி: உடம்பைப் பாருங்கள்

புதிதாக இழந்தவர் முதலில் சாப்பாட்டையும் நித்திரையையும் கவனிக்க வேண்டும். ஒரு நேரமாவது சுடுசோறு, வெயில் ஏறுமுன் சிறிது நடை, இரவில் யாராவது ஒருவர் துணை. பத்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து ஒரு காரியம் பார்க்க முடிகிறதா? முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். முடியாவிட்டால் இன்னும் சில கிழமை பொறுங்கள். யாரும் உங்களைத் துரத்தவில்லை.

வீட்டில் வயல் மருந்து இருந்தால் இன்றைக்கே அதை அப்புறப்படுத்துங்கள். பூட்டி, சாவியை அயல் வீட்டில் கொடுப்பது இன்னும் நல்லது. இலங்கையில் கடும் நஞ்சுள்ள பூச்சி மருந்துகளும் களைக்கொல்லிகளும் தடைசெய்யப்பட்ட பிறகு தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. கைக்கு எட்டாத தூரத்தில் நஞ்சு இருந்தாலே உயிர்கள் தப்புகின்றன. சாக வேண்டும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், நாள்கணக்கில் சாப்பிடவோ உறங்கவோ முடியாவிட்டால், மாதங்கள் பல கடந்தும் எழும்பி ஒரு வேலையும் பார்க்க முடியாமல் போனால், அல்லது கசிப்புச் சாராயம் இல்லாமல் இரவு கழியாது என்ற நிலை வந்தால், வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தமிழில் பேசலாம். அங்கே போவது பைத்தியத்தின் அடையாளம் அல்ல. காய்ச்சலுக்குப் போவது போலத்தான். விருப்ப வேலை மருந்துக்குப் பதில் ஆகாது. மருந்தோடு சேர்ந்து நடக்கும்.

இரண்டாம் படி: வருமானக் கணக்கை வெளியே வையுங்கள்

இந்தப் படியில்தான் வன்னியில் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஆடு வந்தது, கோழி வந்தது, தையல் இயந்திரம் வந்தது. வாழ்வாதார உதவி என்று பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். தேவையான உதவிதான், பல அடுப்புகள் அதனால் எரிந்தன. ஆனால் கணவனை இழந்த ஒரு பெண்ணிடம் எத்தனை கோழி வேண்டும் என்று கேட்டவர்கள் பலர். உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். கிழமைக் கடன் தவணையை வசூலிக்க வருபவரும் கேட்கவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணும் தன்னிடம் கேட்பதை விட்டுவிட்டார். அவருடைய ஒவ்வொரு மணித்தியாலமும் ஏதோ ஒரு கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன்: ஏழைக்கும் விருப்பம் உண்டு. கடன் உள்ளவருக்கும், பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவருக்கும் உண்டு. ஒரு நாளில் கால் மணித்தியாலம் எந்தக் கணக்கிலும் ஏறாமல் இருக்கட்டும். அதில் நீங்கள் செய்வதை முதல் ஐந்தாறு மாதம் விற்க வேண்டாம். “இவ்வளவு வடிவாக இருக்கிறதே, சந்தைக்குக் கொடுக்கலாமே” என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். சிரித்துவிட்டு விடுங்கள். விலை வந்த நிமிடத்திலிருந்து பிழை செய்யப் பயம் வரும், எண்ணிக்கை வரும், முடிக்க வேண்டிய நாள் வரும். துயரோடு இருப்பவருக்குப் பிழை செய்யலாம் என்ற இடம் ஒன்று வேண்டும்.

நேரத்தை எங்கிருந்து எடுப்பது? கூலி வேலைக்குப் போய் வந்து, சமைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, அதன் பிறகு நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு அதை ஒட்டிவிடுங்கள். பின்னேரத் தேத்தண்ணீர் குடித்த கையோடு, அல்லது விளக்கு வைத்த பிறகு. நேரம் பார்த்துச் செய்ய நினைத்தால் தவறும். தேத்தண்ணீரோடு ஒட்டியது தவறாது.

மூன்றாம் படி: தெரிவு

உங்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சிறுவயதில், யாரும் சொல்லாமலே உங்கள் கை எதைச் செய்தது? பிரிந்தவர் எதைச் செய்தார்? இந்தப் பருவத்தில் எது கைகூடும்?

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை மழை. அப்போது விதை போடலாம், இழைப்பதற்கான பனை ஓலை காயாது. மாசி, பங்குனிக்குப் பிறகு வெயில். ஓலை நன்றாகக் காயும், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தே முதுகு ஒடியும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நாற்று வாடும். கிணறு வற்றும் ஆடி, ஆவணியில் தோட்டத்தைத் தொடங்கி, கன்றுகள் காய்ந்து, “நான் தொட்டது எதுவும் உருப்படாது” என்று ஒடிந்துபோவதைக் காண எனக்குப் பொறுக்கவில்லை. பிழை கையில் இல்லை, காலத்தில் இருக்கிறது.

முதல் வேலை சின்னதாக, முடியக்கூடியதாக, காசு அதிகம் கேட்காததாக இருக்கட்டும்.

நான்காம் படி: மண்ணில் கை வைப்பவர்களுக்கு

முளைக்கீரையில் தொடங்குங்கள். கத்தரி, மிளகாய் எல்லாம் நாற்று, நடுகை, மருந்து என்று நீளும். துயரில் இருப்பவருக்குப் பலன் சீக்கிரம் கண்ணில் பட வேண்டும். ஒரு பாய் அளவு இடம் போதும். மண்ணைக் கொத்தி, கட்டிகளைக் கையால் உடைத்து, உக்கிய மாட்டெருவைக் கலந்துவிடுங்கள். கீரை விதை கடுகைவிடப் பொடியானது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் கொட்டிவிடும். இரண்டு பிடி மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். மேலே மெல்லிய மண், அதற்கு மேல் கொஞ்சம் வைக்கோல். எறும்பு விதையை இழுக்காமல் பாத்தியைச் சுற்றிச் சாம்பல். பூவாளியால் மெதுவாகத் தண்ணீர். வாளியால் ஊற்றினால் விதை அள்ளுப்பட்டுப் போகும். மூன்று, நான்கு நாளில் செம்பச்சைப் பொட்டுகள் தெரியும். நாலாம் கிழமை பிடுங்கிச் சுண்டலாம்.

அந்த முதல் பிடியை வீட்டுக்குச் சமைத்து, மிச்சத்தை அயலுக்குக் கொடுங்கள். சாவு வீட்டுக்கு அவர்கள் கொண்டுவந்த சட்டி இன்னும் உங்கள் குசினியில் இருக்கும். அதில் போட்டுக் கொடுக்கலாம்.

அடுத்தது வெண்டி அல்லது பயற்றை. இரண்டையும் நேரடியாக மண்ணில் ஊன்றலாம். ஒன்றரை, இரண்டு மாதத்தில் காய் பார்க்கலாம். வேலி இல்லாதவர்கள், மாடும் குரங்கும் மயிலும் வந்து போகும் காணியில் இருப்பவர்கள், உரப்பையில் மண் நிரப்பித் திண்ணை ஓரத்தில் வையுங்கள்.

வன்னி மண்ணுக்கென்று ஓர் எச்சரிக்கை. கண்ணிவெடி அபாயப் பலகை உள்ள இடத்துக்கும், அகற்றி முடித்ததாக அறிவிக்காத காட்டோரக் காணிக்கும் போகவே வேண்டாம். சொந்த வளவில்கூட, கொத்தும்போது இனம் தெரியாத இரும்போ பிளாஸ்டிக் பொருளோ தட்டுப்பட்டால் கையை எடுத்துவிட்டு, தடி நட்டு அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

ஐந்தாம் படி: ஓலை இழைப்பவர்களுக்கு

நான் ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். பனை நம் வளவிலேயே நிற்கிறது. கற்றுத்தர ஆச்சிகள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு போகிறார்கள்.

குருத்தோலையை வெட்டுவித்து, விரித்து வெயிலில் போடுங்கள். பச்சை வெளிறிப் பால் நிறத்துக்கு வரும்வரை காய வேண்டும். பிறகு ஓலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுவில் ஓடும் ஈர்க்கைச் சத்தகம் என்ற சிறு கத்தியால் நீக்க வேண்டும். சத்தகத்தின் முனையை ஈர்க்கின் ஓரத்தில் கொடுத்து இழுக்கும்போது ‘சர்’ என்று ஒரு சத்தம் வரும். சத்தம் இடையில் நின்றால் ஓலை கிழிந்துவிட்டது என்று பொருள். ஈர்க்கை எறிந்துவிட வேண்டாம், விளக்குமாற்றுக்கு ஆகும். அடுத்து, எல்லா ஓலையையும் ஒரே அகலத்துக்கு வார வேண்டும். அகலம் கூடிக் குறைந்தால் பின்னால் பெட்டி கோணும். ஆகவே பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான்.

இழைக்குமுன் ஓலையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். சோளகக் காற்றில் காய்ந்த ஓலை மடிக்கும்போது வெடிக்கும். முதல் நாளே பெட்டிக்குப் போகாமல் ஒரு தட்டையான சதுரம் இழையுங்கள்: எட்டு ஓலை நெடுக்கு, எட்டு ஓலை குறுக்கு, ஒன்று மேலே ஒன்று கீழே. ஒவ்வொரு வரியையும் விரலால் நெருக்கித் தள்ள வேண்டும். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் துவாரம் தெரியக் கூடாது. சதுரம் நெருக்கமாக வந்த பிறகு கொட்டப்பெட்டி என்ற சிறு பெட்டிக்குப் போகலாம். மூலை திருப்புவதுதான் கடினம். ஓலைகள் நழுவும், உடுப்புக்குக் குத்தும் கிளிப் இரண்டு வைத்துக்கொண்டால் பிடிபடும். ஓரத்தை மடித்து, நுனிகளை உள்ளே செருகி முடிக்க வேண்டும். கை தேறிய பிறகு பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, அதற்கும் பிறகு நார் கொண்டு கடகம் பொத்துவது.

துயருக்கு இது ஏன் ஒத்துவருகிறது? ‘ஒன்று மேலே, ஒன்று கீழே’ என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது நினைவு எங்கோ போகும். போன இடத்தில் அழுகையும் வரலாம். ஓலை பிசகியதும் கண் திரும்பி வரும். அவிழ்த்து மீண்டும் இழைப்பீர்கள், ஓலை வீணாவதில்லை. யாரும் அதட்டாமல் மனம் போவதும் வருவதுமாக ஒரு மணித்தியாலம் கழிந்திருக்கும். இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து இழைக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. வருடக்கணக்காகச் சொல்லாததை அப்போது சொல்லிவிடுவார்கள்.

கற்றுக்கொள்ள ஊர் ஆச்சி கிடைக்காவிட்டால், 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபையின் பயிற்சிகள் பற்றியும், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தினரிடமும் விசாரிக்கலாம். அங்கே வருமானப் பேச்சு வரும். இரண்டாம் படியை மறக்க வேண்டாம்.

ஆறாம் படி: பிரிந்தவரின் வேலையை ஏற்பது

செத்தவரை மறந்தால்தான் வாழலாம் என்று ஒரு காலத்தில் உளவியலாளர்களே எண்ணினார்கள். 1990களில் அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. இறந்தவரோடு உறவு வேறு உருவில் தொடர்வதே இயல்பு என்று டென்னிஸ் கிளாஸும் உடனாய்வாளர்களும் 1996இல் எழுதினார்கள். ஆடி அமாவாசைக்குத் தகப்பனையும் சித்திரா பௌர்ணமிக்குத் தாயையும் நினைத்து விரதம் இருக்கும் சனத்துக்கு இது புதினமல்ல.

தகப்பன் வலை பொத்தினாரா? அவருடைய வலை ஊசி வீட்டில் எங்கேயாவது கிடக்கும். கணவர் சைக்கிளைத் தானே கழற்றிப் பூட்டினாரா? அவருடைய ஸ்பானர்களை எடுத்துத் துடைத்து ஒரு சில்லைக் கழற்றிப் பாருங்கள். அம்மாவின் கறித்தூள் போல எதுவும் வரவில்லை என்பவர்கள், அம்மாவோடு தூள் இடித்த சித்தியிடமோ மாமியிடமோ கேட்டு மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றின் அளவையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். மூவரிடம் கேட்டால் மூன்று அளவு வரும். மூன்றையும் வறுத்துப் பாருங்கள். வெந்தயத்தை முதலில் போட்டால் கருகிக் கைக்கும். மல்லியை மெல்லிய நெருப்பில் தனியாக வறுக்க வேண்டும்.

இந்தப் படி எல்லோருக்கும் பொருந்தாது. அவருடைய பொருளைத் தொட்டதும் மூச்சு முட்டினால் மூடி வையுங்கள். அடுத்த வருடம் தொடலாம். தொடாமலே விட்டாலும் குற்றமில்லை.

எழுதக்கூடியவர்களுக்கு ஒரு வழி. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தை அழுத்தும் சம்பவத்தைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுத வைத்தார். அதைப் பின்பற்றலாம்: யாருக்கும் காட்டாத கொப்பி, எழுத்துப்பிழை பாராமல், நான்கு நாள். எழுதி முடித்த உடனே மனம் பாரமாகத்தான் இருக்கும். அதனால் படுக்கப் போகும் நேரத்தில் எழுத வேண்டாம். சாவு நடந்து சில நாள்களே ஆன நிலையிலும் வேண்டாம்.

ஏழாம் படி: ஆண்களுக்கு

நம் ஆண்கள் அழுவதற்கு இடமில்லாமல் மதுக்கடைக்குப் போகிறார்கள். வீட்டில் இருந்து ஓலை இழை என்றால் கேட்க மாட்டார்கள். அவர்களை வெளியே கூட்டிப்போகும் வேலை வேண்டும். பின்னேரக் கரப்பந்தாட்டம் நல்லது. ஆட முடியாத வயதினர் வலை கட்டவும் கோடு போடவும் புள்ளி எழுதவும் போகலாம். கோயிலில் கூத்துப் பழகத் தொடங்கினால் மத்தளத்துக்கோ பிற்பாட்டுக்கோ ஆள் தேவைப்படும். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தில், இழப்பின் அழுகை மேடையில் பாட்டாகவே வருகிறது. வீட்டில் அழாத ஒருவர் அங்கே அழுதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தனியாக இருக்க விரும்புபவர் குளக்கட்டில் நடக்கலாம். கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை வலசைப் பறவைகள் வரும் காலம். ஒரு கொப்பி, முடிந்தால் ஒரு பழைய தொலைநோக்கி. நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி என்று தெரிந்த பெயர்களில் தொடங்கி, தெரியாததைக் கீறி வையுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். பூநாரைகள் இறங்கியிருக்கும் காலமாகப் பார்த்துப் போக வேண்டும். காட்டோரக் குளங்களுக்கு இருட்டோடு தனியே போகாதீர்கள், யானை நிற்கும்.

எட்டாம் படி: ஊர்ப் பேச்சும் உள்ளே குத்துவதும்

“ஆண்டுத் திவசம்கூட ஆகவில்லை, அவள் பூக்கன்று வைக்கிறாள்.” இப்படி ஒரு சொல் உங்கள் காதில் விழும். கணவனை இழந்த பெண் நிறச் சேலை உடுத்தாலே பேசும் ஊர், பாடினால் சும்மா இருக்காது. வாதாட வேண்டாம். துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஊர் மதிக்கும் ஒரு பெரியம்மாவோ மாதர் சங்கத் தலைவியோ பக்கத்தில் இருந்தால் பாதிப் பேச்சு அடங்கும். மாமியார் முகம் சுளித்தால், “மாமி, அவருக்குப் பிடித்த கன்றுதான் வைக்கிறேன்” என்று சொல்லி, மாமியிடமே ஒரு கன்றைக் கொடுங்கள். அவரும் மகனை இழந்தவர்தானே.

ஊர்ப் பேச்சைவிடக் கொடியது உள்ளே கேட்கும் குரல். ஒரு நாள் வேலையில் மூழ்கி, பக்கத்தில் இருப்பவர் சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்துவிடுவீர்கள். அன்றிரவு, சிரித்துவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். சிலர் அதோடு வேலையையே விட்டுவிடுவார்கள். விட வேண்டாம். நீங்கள் சிரித்த அந்த நிமிடத்தில் அவர்மீதான அன்பு ஒரு துளியும் குறையவில்லை. மறுநாள் அதே நேரத்துக்குப் போய் இருங்கள், கை ஓடாவிட்டாலும் பரவாயில்லை.

ஒன்பதாம் படி: காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுக்கு

மேலே சொன்னவற்றில் பல உங்களுக்குப் பொருந்தாது என்று தெரிந்தே எழுதினேன். இறந்தார் என்று சொல்ல உங்களுக்கு மனமும் இல்லை, ஆதாரமும் இல்லை. திவசம் செய்வதா, பொட்டு வைப்பதா என்று ஒவ்வொரு காலையும் முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. கிளிநொச்சியில் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய தொடர் போராட்டம் கேட்பது ஒரு பதிலை. பதில் கிடைக்காதவரை இந்தத் துயருக்கு முடிவு வைக்க வெளியாருக்கு உரிமை கிடையாது.

பொலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலிருந்து, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பைத் தனியாக ஆராய்ந்தவர். அவர் சொல்வது: குழப்பம் உங்கள் மனத்தின் நோயல்ல, நிலைமையின் தன்மை. ‘அவர் இல்லாமலும் இருக்கலாம், வரவும் கூடும்’ என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டே வாழப் பழகலாம். ஒன்றைத் தெரிவுசெய்யும்படி யாரும் வற்புறுத்தக் கூடாது.

ஆகவே உங்களுக்கான வேலை நினைவுச்சின்னமாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளை வந்தால் காட்டலாம் என்று நினைக்கக்கூடிய ஒன்றைச் செய்யுங்கள்: ஒரு மாமரம், வளர்ந்துகொண்டே போகும் ஒரு தையல் விரிப்பு, அவர் கைவிட்டுப் போன கொப்பியின் மிச்சப் பக்கங்களில் வீட்டுச் செய்திகள். ‘இன்றைக்குச் சிவப்புப் பசு கன்று போட்டது’ என்று ஒரு வரி போதும். வேலை இருக்கிறது என்பதற்காகப் போராட்டத்துக்குப் போவதை நிறுத்தவும் தேவையில்லை. ஓலையைக் கையோடு கொண்டுபோகலாம்.

2023 ஜூனில் முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அப்படிச் செய்தி வரும் நாளில் தனியே இருக்காதீர்கள். அன்று வேலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இதே நிலையில் உள்ள இன்னொரு வீட்டுக்குப் போய் இருங்கள்.

பத்தாம் படி: பாரமான நாள்கள், பிள்ளைகள்

போர் முடிந்த மே 18, கடல் கொண்ட மார்கழி 26, திவசம், பிறந்தநாள் ஆகியவற்றை முன்கூட்டியே கலண்டரில் குறித்து, அந்தக் கிழமையில் புதிதாக எதையும் தொடங்காமல் விடுங்கள். செய்து வைத்ததை அன்று பயன்படுத்துங்கள்: வளர்த்த பூவைப் படத்துக்கு வையுங்கள், இழைத்த நீத்துப்பெட்டியில் அவருக்குப் பிடித்த பிட்டை அவித்துப் படையுங்கள். அதற்கு அடுத்த நாள்தான் கால் அதிகம் தள்ளாடும். அன்றைக்கு யாராவது வந்து போகும்படி முன்பே சொல்லி வையுங்கள்.

பிள்ளைகளின் துயர் துண்டு துண்டாக வரும். அழுத பிள்ளை அடுத்த நிமிடம் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிரிக்கெட் ஆட ஓடும். அது நெஞ்சில் ஈரமில்லாததால் அல்ல. ஆட விடுங்கள். பக்கத்தில் இருத்தி ஒரு வேலையைப் பழக்கலாம், ஆனால் “அப்பாவின் இடத்தில் இனி நீதான்” என்று அதன் தோளில் எதையும் ஏற்ற வேண்டாம்.

பதினோராம் படி: வளர்ச்சி என்று சொல்வது

கடும் துன்பத்துக்குப் பிறகு சிலரிடம் ஏற்படும் மாற்றத்தை அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லோரன்ஸ் கல்ஹூனும் 1990களில் ஆராய்ந்தார்கள். மற்றவரோடு நெருக்கம் கூடுவது, தன் பலம் தனக்குத் தெரிவது, வாழ்வை மதிப்பது என்று பட்டியலிட்டார்கள். அந்த மாற்றம் வலியோடு சேர்ந்தே இருக்கும், வலி போன பிறகு வருவதல்ல என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். வளர்ச்சி எல்லோருக்கும் வர வேண்டும் என்று விதி இல்லை. இழப்பு உங்களை உயர்த்தியது என்று சொல்லும்படி யாரும் உங்களைக் கேட்கக் கூடாது. இந்தச் சனம் அந்த விலைக்கு வளர்ச்சியைக் கேட்கவே இல்லை.

ஆனாலும் சில அடையாளங்களைக் கவனியுங்கள். நாளை செய்ய வேண்டியதைப் பற்றி இன்று யோசிக்கிறீர்களா? பிழை வந்தால் முன்போல் உடைந்துபோகாமல் திருத்துகிறீர்களா? அவருடைய பெயரைச் சொல்லும்போது இறந்த நாள் மட்டுமல்லாமல் வாழ்ந்த நாள்களும் வாயில் வருகின்றனவா? ஒரு வேலை சலித்தால் மாற்றுங்கள். ஒரு பருவத்துக்கு நிறுத்திவிட்டுத் திரும்புவதும் சரியே.

கை நன்றாகத் தேறிய பிறகு விற்க நினைத்தால் விற்கலாம். அப்போது ஒரு வகையை மட்டும் விலைக்குக் கொடாமல் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை விற்றால் பாயை விற்க வேண்டாம்.

யாராவது பழக வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக இழந்த ஒருவர் வாசலில் தயங்கி நின்றால், என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று விசாரிக்க வேண்டாம். தேத்தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் பாயைப் போட்டு, ஈர்க்கு நீக்கிய பதினாறு ஓலையையும் இரண்டு கிளிப்பையும் கையில் கொடுங்கள். கோணலாக வந்தால் நீங்கள் அவிழ்த்துத் திருத்திக் கொடுக்காதீர்கள், அவரே அவிழ்க்கட்டும். போகும்போது, நாளைக்கும் இதே நேரத்துக்கு வரச் சொல்லி, அவர் இழைத்த மட்டில் அந்தச் சதுரத்தை ஈரத்துணியில் சுற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். எடுக்க வருவார்.